ஆயிரம் யாருக்கான ரவை

லண்டன் கிங்ஸ்பரியில் அக்காவின் வீட்டு மாடியில், படி ஏறி முடிகிற இடத்தில், கட்டில்கூடப் போட முடியாத ஒரு சின்ன அறை இருந்தது. மற்ற வீடுகளில் அப்படியான அறைக்குள் சூட்கேசுகளையும் பழைய திரைச்சீலைகளையும் அடைத்து வைத்திருப்பார்கள். அக்காவின் வீட்டில் அத்தான் அதற்குள் இருந்து துவக்குக்குப் போடுகிற ரவை, அதுதான் தோட்டா, செய்தார். நானும் கூட இருந்து எனக்குரியதைச் செய்வேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உள்ளே புகுந்தால், அக்கா தேத்தண்ணிக்குக் கத்துகிற வரையில் வெளியே வரமாட்டோம்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவை ரெண்டுபேரும் காசு குடுத்தெல்லோ போய்ச் சுடினம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அத்தானுக்கு அப்படியில்லை. "இஞ்சை ஒருத்தரும் திருப்பிச் சுடமாட்டாங்கள் அண்ணை. அது ஒரு பெரிய வசதி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார்.

அத்தான் பஸ் கராஜில் மெக்கானிக். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர்தான் அவரை முதன்முதலில் லண்டனுக்கு வெளியே இருந்த சூட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அத்தான் என்னையும் இழுத்துவிட்டார். நான் கவுன்சிலில் பார்க்கிங் அபராதங்களுக்கு எதிராக வருகிற முறைப்பாடுகளைப் பார்க்கிறவன். கிழமை முழுக்க ஊர்பேர் தெரியாத சனத்திடம் பேச்சு வாங்குகிறவனுக்கு, முந்நூறு யார், அதாவது முந்நூறு கெஜத்துக்கு அப்பால் வாய் பேசாமல் நிற்கிற ஒரு கடுதாசி இலக்கு பெரிய ஆறுதல்.

கடையில் வாங்குகிற ரவை எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது. தன் துவக்குக்கும் தன் தோளுக்கும் சுடப் போகிற தூரத்துக்கும் பொருந்துகிற மாதிரி வேண்டுமென்றால் தானே செய்துகொள்ள வேண்டும். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து மினுக்கி, விரிந்ததைப் பழைய அளவுக்கு நெரித்து, அடியில் தீ பற்றவைக்கிற புதிய பிரைமரை இறக்கி, வெடிமருந்துப் பவுடரை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. கேட்க லேசாகத்தான் இருக்கும். கவனம் பிசகினால் முகமே போய்விடும். அதற்காக அத்தான் இரண்டு பேருடைய ஃபோனையும் வாங்கிக் குளியலறைக்குள் வைத்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார்.

ஆரம்பத்தில் எனக்கு எல்லாமே வேகம்தான். எவ்வளவு பவுடர் கொள்ளுமோ அவ்வளவையும் போட ஆசை. அத்தான் என்னை வைத்து நல்லாய்ப் பகிடி பண்ணுவார். "நூறு யாரிலை கடுதாசி சுடுறதுக்கு ஆனைக்கு வைக்கிற வெடியே? முதல்லை தூரத்தைச் சொல்லு. தூரம் தெரியாமல் பவுடரிலை கை வைக்காதை." தூரம் முடிவானபிறகும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுட்டுப் பார்த்து, எந்த அளவு பவுடருக்குக் கடுதாசியில் ஓட்டைகள் நெருங்கி ஒன்றாக விழுகின்றன என்று பார்த்துத்தான் அளவை நிறுத்துவார். "ஓட்டையைப் பாத்து முடிவெடு தம்பி. மனசிலை கிடக்கிறதைப் பாத்து முடிவெடுக்காதை" என்பார். இப்படி அளந்து பேசுகிற மனிதனுக்கும் அளவு மீறிய ஆசை ஒன்று இருந்தது. ஆயிரம் யார்.

அந்த மைதானத்தில் ஒவ்வொரு ஜூலையிலும் ஆயிரம் யார்ப் போட்டி நடக்கும். அவ்வளவு தூரத்தில் இலக்கு கண்ணுக்குச் சரியாகவே தெரியாது. காற்று ஒரு பக்கம் தள்ளும், சன்னம் போகப் போக வேகம் குறைந்து கீழே இறங்கும். அதற்கு முழு அளவு பவுடர் போட்ட, தோளில் உதைக்கிற ரவை வேண்டும். அத்தானுக்கு வெல்கிற எண்ணம் இருக்கவில்லை. ஒருமுறை அந்தச் சூட்டு வரிசையில் குப்புறப் படுத்து, எல்லா வெடியையும் கடுதாசிக்குள் விழுத்திவிட்டு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பின்னால் அவருடைய மகள் இருந்தாள். ஒரே பிள்ளை, கலியாணம் கட்டி ரொறன்ரோவில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் தகப்பனுக்கு ஃபோன் எடுத்து, "துவக்கு இருக்கிற வீட்டுக்கு என்ரை பேபியைக் கொண்டுவரமாட்டன் அப்பா" என்று சொல்லிவிட்டாள். "என்ரை வீட்டிலை என்ன இருக்கோணும் எண்டு நீ எனக்குச் சொல்லாதை" என்று இவர் ஃபோனை வைத்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை. அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு கதைப்பாள். பேரப்பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டது. கண்ணாடியைத் தேடுகிற சாட்டில் அத்தான் அக்காவின் ஃபோனைத் திறந்து அந்தப் படங்களைப் பார்ப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அந்த அறைக்குள் வைத்து அவர் எனக்குச் சொன்னார்: "ஒருக்கா ஆயிரம் யாரிலை படுத்தெழும்பினால் காணும் தம்பி. அதோடை துவக்கு எல்லாத்தையும் குடுத்திட்டு அடுத்த கிழமையே ரொறன்ரோவுக்கு ரிக்கெற் போடுறன்."

"குடுக்கிறதெண்டால் இப்பவே குடுக்கலாமே அத்தான்."

"முடிச்சிட்டுக் குடுக்கிறது வேறை. அவளுக்குப் பயந்து குடுக்கிறது வேறை."

வறட்டுப் பிடிவாதம்தான். ஆனால் மனிதர் மனதுக்குள் திகதி குறித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய சிறுநீரகத்தில் கட்டி கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சை செய்து அந்தச் சிறுநீரகத்தோடு எடுத்துவிட்டார்கள். எல்லாம் எடுத்தாயிற்று என்றார்கள். அத்தான் மெலிந்து போனாலும் எழும்பி நடந்தார், படி ஏறினார், அறைக்குள் போய்க் கோதுகளை எண்ணெய் படாமல் மூடி வைத்திருக்கிறதா என்று பார்த்தார். அந்த வருடப் போட்டிக்கு உடம்பு தாங்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

வைகாசியில் திரும்பவும் ஸ்கான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி இங்கிலீஷ் தலையிடி தருகிறது என்று சொல்லி, "எல்லாத்தையும் மனுசியிட்டைச் சொல்லுங்கோ" என்று அத்தான் முதலிலேயே டொக்டர்மாருக்குச் சொல்லிவைத்திருந்தார். இங்கிலீஷ் ஒரு சாட்டு. அவருக்குப் பயம். அதனால் அன்று டொக்டருக்கு முன்னால் இருந்தது அக்காவும் நானும். நோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது, வருட முடிவைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் தன்மையாகச் சொன்னார். வலது மேற்கை எலும்பு அரிபட்டு மெலிந்து போயிருக்கிறது, அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அடிபடக்கூடாது என்றார். நோயாளிக்கு நாங்கள் சொல்கிறோமா, தான் சொல்லட்டுமா என்று கேட்டார். "நான் சொல்லுறன்" என்றாள் அக்கா.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அவளுடைய குரல் மாறிவிட்டது. "அவருக்கு ஒண்டும் தெரியக்கூடாது. எங்கடை கோயிலுக்கு வாற அந்த மனுசனுக்கு டொக்டர் முகத்துக்கு நேரை சொல்லி, அந்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, பிறகு எழும்பவேயில்லை. நீ கண்டனிதானே?"

"அக்கா, அவர் அடுத்த வருசத்துக்கெண்டு திட்டம் போட்டுக்கொண்டு இருக்கிறார். பிள்ளையைப் பாக்கப் போறதையும் அதுக்குப் பிறகெண்டு தள்ளி வைச்சிருக்கிறார்."

"திட்டம் போடட்டும். அந்த ஆசையிலை எண்டாலும் கொஞ்சக் காலம் கூட இருப்பார். என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு, அவரிட்டையோ பிள்ளையிட்டையோ வாய் திறக்கமாட்டன் எண்டு."

அவள் என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் காருக்குள் இருந்த வெள்ளைக்காரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தியம் செய்தேன். என்ன கோதாரிச் சனம் நாங்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண வீட்டில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முகத்துக்கு நேரே கேட்போம். சாகப் போகிறவனுக்கு மட்டும், அவன் சாகப் போகிறான் என்பதைச் சொல்லமாட்டோம்.

அத்தானுக்கு வலது கையில் தொடங்கியிருந்த நோவுக்கு அக்கா வைத்த பெயர் வாயு. எண்ணெய் சூடாக்கிப் பூசினாள். உள்ளியும் இஞ்சியும் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி மாத்திரைகளை, கட்டி திரும்பி வராமல் இருக்கத் தருகிறார்கள் என்றாள். அத்தான் நம்பினார். நம்புவது அவருக்கும் வசதியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கோடை நல்ல கோடை. அத்தானால் அப்போது நடக்க முடிந்தது, சாப்பிட முடிந்தது. ஒரு விமானத்தில் ஏறி இருந்து அத்திலாந்திக்கைத் தாண்டவும் முடிந்திருக்கும். சத்தியத்தை மீறாமல் என்னால் செய்யக்கூடியது என்று ஒன்றுதான் தோன்றியது. அவரைக் கிட்டத்துத் தூரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பவுடரைக் குறைத்து உதை இல்லாத ரவை சுடவைக்க வேண்டும். அப்படியே கதையோடு கதையாக ரொறன்ரோவுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு கணக்கு.

"இந்த வருசம் முந்நூறு யாரோடை நிப்பம் அத்தான். லேசான லோட். உங்கடை தோளுக்கும் நல்லது" என்றேன்.

அவர் தராசில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோளுக்கு வாயு. அது போயிடும். இந்த லோட் ஆயிரம் யாருக்குப் போகுமே?"

"போகாதுதான்."

"பாதி வழியிலையே களைச்சு விழுந்திடும். அடுத்த ஜூலைக்கு நான் என்னத்தைக் கொண்டுபோறது? இப்ப இருந்து ஏத்தி ஏத்திப் பாத்தால்தான் அப்ப கையிலை ஒரு லோட் இருக்கும்."

"அப்ப இதுக்கிடையிலை ஒருக்கா ரொறன்ரோவுக்குப் போட்டு வாருங்கோவன். இப்ப சமர், நல்ல வெயில் காலம்தானே."

"நீ என்ன, உன்ரை அக்காவோடை சேந்து கூட்டே? அவள்தான் உன்னை ஏவி விட்டவள்." சிரித்துக்கொண்டு ஒரு சன்னத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "போட்டி முடியட்டும். முடிய நானாப் போறன். பிள்ளையிட்டை வீட்டிலை ஒண்டுமில்லையெண்டு சொல்லிக்கொண்டு போனால்தானே மரியாதை."

தூரத்தைத் தீர்மானிக்காமல் பவுடரில் கை வைக்காதே என்று எனக்குச் சொன்ன மனிதர் அவர். அவருக்கு இருந்த தூரம் எவ்வளவென்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும். அளவெடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது. நான் கோதுகளை நெரித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு அக்காவின் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

முந்நூறு யாரில் அவர் என்னுடைய லேசான லோட்டைச் சுட்டு, ஐந்து ஓட்டையையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மூடுகிற அளவுக்குள் விழுத்தினார். அவருக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. "இது வடிவான லோட்தான். ஆனால் இதோடை நான் எங்கை போறது?" என்று துவக்கைத் துடைத்து உறைக்குள் போட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நாட்களில் அவர் தனியே அறைக்குள் இருந்தது அக்காவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. ஆள் சந்தோஷமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறாரே என்று விட்டுவிட்டாளாம்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுநூறு யார் வரிசையில் இடம் கிடைத்தது. காற்றே இல்லை. அத்தான் பாயை விரித்துப் படுத்துவிட்டு, பைக்குள் இருந்து நான் அதுவரை காணாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். உள்ளே அவர் தானே செய்த ரவைகள். முழு லோட். ஆயிரம் யாருக்கென்று கட்டினது.

"அத்தான், அது வேண்டாம். என்ரையைச் சுடுங்கோ."

"ஏன்?"

"தோள் நோகும்."

"நோகட்டும். வேறை ஏன்?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று அந்த நேரம் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கேட்கிற மாதிரி ஒரு பார்வை. வாய்க்குள் விடை இருந்தது. என் கைக்குக் கீழே அக்காவின் தலை இருப்பதுபோல உள்ளங்கை சுட்டது. என் ரவைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் காதுகளை மூடிக்கொண்டு இலக்கின் பக்கம் திரும்பினார்.

முதல் வெடி நடு வட்டத்துக்குள் விழுந்தது. இரண்டாவது வெடிக்கு அவர் கத்தினார். மனிதர் கத்தி நான் கேட்டதேயில்லை. துவக்கு பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. வலது கை, மடங்கக்கூடாத ஓர் இடத்தில் மடங்கிக் கிடந்தது. வரிசைக்குப் பொறுப்பானவர் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிக் கூவினார். முதலுதவிக்கு ஓடிவந்த ஒருவர், துவக்கு வெடித்துவிட்டதோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ரவையிலும் பிழையில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் வந்தாள். பழைய குறிப்புகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவள். அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நோய் பரவியிருந்த இடத்தில்தான் எலும்பு முறிந்திருக்கிறது என்று தெளிவான, சின்னச் சின்ன இங்கிலீஷில் சொன்னாள். அக்கா அவசர அவசரமாகத் தமிழில் குறுக்கே புகுந்தாள், "அது இல்லையப்பா, இவ வேறை ஆரையோ..." அத்தான் இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். டொக்டரிடம் எவ்வளவு காலம் என்று கேட்டார். அவள் எங்களைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். மாதங்கள் இல்லை, கிழமைகள் என்றாள்.

டொக்டர் போன பிறகு அவர் அக்காவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "உனக்குத் தெரியுமே?"

"ஓம் அத்தான்."

"எப்ப துவக்கம்?"

"வைகாசி."

"வைகாசியிலை நான் காரோடித் திரிஞ்சனான்" என்றார். முறிந்த கையைப் பார்த்தார். "கோது மினுக்கிக்கொண்டு இருந்திருக்கிறன். சமர் முழுக்க."

அதற்குப் பிறகு அக்கா கரண்டியில் கஞ்சியைக் கொண்டு போனால் வாயைத் திறப்பார். அவளோடு கதைக்கமாட்டார். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊட்டுவதைப் பார்க்க, அவ்வளவு ஆத்திரத்திலும் எனக்கு அவள் பாவமாக இருந்தது. அவளும் அந்த மனிதனை இழக்கத்தானே போகிறாள். ஆனால் அவளுக்கு அவ்வளவு மாதமும் அது தெரிந்திருந்தது.

என்னிடம் ஒரு வேலை சொன்னார். "துவக்குகள், ரவை, பவுடர், எல்லாத்தையும் இண்டைக்கே குடுத்திடு. பிறகு பிள்ளைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லு, வீட்டிலை ஒண்டுமில்லையெண்டு."

"நீங்களே கதையுங்கோவன். நான் போட்டுத் தாறன்."

"ஃபோனிலை ஏலாது. வரட்டும். நேரை கதைக்கிறன்."

பொலிசுக்கு அறிவித்துவிட்டு எல்லாவற்றையும் துவக்குக் கடைக்காரரிடம் ஒப்படைத்தேன். என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தேன். மகளுக்கு ஃபோன் எடுத்து, தகப்பனுக்குக் கிழமைகள்தான், வீட்டில் துவக்கு இல்லை என்று சொன்னேன். அவள், அடுத்த ஃப்ளைட்டில் வருகிறேன் என்றாள். அவள் வானத்தில் இருந்த நேரத்தில் அத்தானுக்கு நெஞ்சில் சளி இறங்கிக் காய்ச்சல் ஏறியது. அவள் இடுப்பில் பிள்ளையோடு பெட்டியை இழுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அத்தானின் முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க் இருந்தது, நோவுக்கு ஊசி போட்டிருந்தார்கள். "அப்பா, அப்பா" என்று அவள் கூப்பிட்டாள். கண் திறந்தது. அவளைப் பார்த்ததா என்று எங்கள் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் விடியும் முன்பே முடிந்துவிட்டது.

காலையில் வார்டுக்கு வெளியே இருந்த கதிரைகளில் இருந்தோம். எதிர்ப் பக்கத்தில் அக்கா பேத்தியை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அவளுடைய கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றக் கையால் அதன் தலையைத் தடவினாள். மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமா, அப்பாக்கு எப்ப தெரியும்?"

"கை முறிஞ்ச அண்டைக்கு."

"அம்மாக்கு?"

நான் எதிரே இருந்த அக்காவைப் பார்த்தேன். பிறகு, "வைகாசியிலை" என்றேன். "மே மாதம். எனக்கும்தான்."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. வெறுமனே தலையை ஆட்டினாள். "ஹோல் சமர். அப்ப சமர் முழுக்க அப்பா என்ன செய்தவர்?"

"அடுத்த வருசப் போட்டிக்கு ரவை செய்தவர். அதைச் சுட்டு முடிச்சிட்டு எல்லாத்தையும் குடுத்திட்டு உன்னட்டை வாறதெண்டு இருந்தவர்."

அவள் அழவில்லை. எழும்பி எதிர்ப் பக்கம் போனாள். அக்கா நிமிர்ந்து பார்த்து, மகள் தன்னைக் கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து ஒரு கையை நீட்டினாள். மகள் குனிந்து, சங்கிலியில் இருந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிள்ளையை அவளுடைய மடியில் இருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.